நனையாத இடம்

நீர்வண்ணத்தில் வெள்ளையைப் பூச மாட்டாள் சுகந்தி. வெளிச்சம் வேண்டிய இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிடுவாள். மூன்று நாள் அடைமழையில் மொட்டைமாடிக் கொட்டகையில் உட்கார்ந்து, கீழே தெரிந்த நகரத்தை வரைந்தாள். டீக்கடை டியூப்லைட்டுக்குக் கொஞ்சம் விட்டாள், பஸ்ஸின் முகப்பு விளக்குக்குக் கொஞ்சம் விட்டாள். முடித்துவிட்டுப் பார்த்தால், பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு இன்னொரு வெள்ளை.

"இது யாரு?" என்று கேட்டான் கணவன் கென்னடி.

"யாருமில்ல. நான் விட்ட ஞாபகமே இல்ல."

சாம்பல் நிறத்தைக் குழைத்து அதன்மேல் இழுத்தாள். வண்ணம் விளிம்புவரை ஓடிவந்து நின்றுகொண்டது. மூன்று முறையும் அப்படித்தான். அங்கே அப்படி என்னதான் இருக்கிறது, பார்த்துவிடலாம் என்று குடையை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று இறங்கிப் போனாள்.

தெரு முழுக்கத் தண்ணீர். பஸ் ஸ்டாப்புக்குப் பக்கத்தில் மட்டும் ஓரடி நிலம் காய்ந்து புழுதியாகக் கிடந்தது. மேலே கூரையும் இல்லை, மரமும் இல்லை. அதில் ஏறி நின்றாள். குடைமேல் மழைச் சத்தம் சட்டென்று நின்றது. மடக்கிப் பார்த்தாள், ஒரு துளிகூட விழவில்லை.

மாடிச் சுவரோரம் வந்து நின்று கென்னடி நேராக அவளைத்தான் பார்த்தான். கையை ஆட்டினாள். அவளுடைய போன் அடித்தது.

"எங்க இருக்க சுகந்தி? ரோட்ல உன்னக் காணோமே." பேசிக்கொண்டே கொட்டகைக்குள் திரும்பிப் போனான். "அட, அந்த வெள்ளையில எப்ப ஆள வரைஞ்ச? கைய ஆட்டுற மாதிரி. நல்லா வந்திருக்கு."