பெஞ்சு திறப்பு விழா

"ஏன் தம்பி, இது உனக்கே நல்லாருக்கா?"

கவுன்சிலர் ரிஸ்வான் பைக்கை நிறுத்துவதற்குள் சோலையம்மாள் சட்னிக் கரண்டியோடு ரோட்டுக்கு வந்துவிட்டாள்.

செக்காலை ரோட்டிலிருந்து உள்ளே திரும்பும் தெருவில் அவளுடையது இட்லிக் கடை. கடைக்கு முன்னால் சாக்கடை நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு எவன் இட்லி தின்பான்? வியாபாரம் படுத்துவிட்டது. இந்த மாதத்தோடு கடையை மூடிவிடலாமா என்ற யோசனையில் இருந்தாள்.

"சொல்லுங்கக்கா."

"என்னத்தச் சொல்ல? மனுக் குடுத்துக் குடுத்து கை ஓஞ்சு போச்சு. நீ என்னடான்னா தெருத் தெருவா பெஞ்சு போட்டுத் திறப்பு விழா நடத்துற. அதுக்கு எம்.எல்.ஏ. வேற. ஊரே உன்னய 'திறப்பு விழா ரிஸ்வான்'னுதான் சொல்லுது, தெரியும்ல?"

தெரியும். டீக்கடையில் அவன் காதுபடவே சொல்வார்கள். ரிஸ்வான் தெருவை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தான்.

"அக்கா, உங்க தெருவுலயும் ஒரு பெஞ்சு போட்டுருவோம். வர்ற வெள்ளிக்கிழமை திறப்பு விழா."

சோலையம்மாள் அதற்குச் சொன்ன பதிலைப் பத்திரிகையில் போட மாட்டார்கள்.

புதன்கிழமை காலையில் அடைப்பு எடுக்கும் லாரி வந்தது. உடைந்த சாக்கடை மூடியை எடுத்துவிட்டுப் புது மூடி போட்டார்கள். மறுநாள் ரோட்டுக் குழியெல்லாம் தார் ஊற்றி மூடினார்கள். தெருவிளக்கு எரிந்தது. பட்டப்பகலிலும் எரிந்தது. வெள்ளிக்கிழமை விடிந்தபோது ரோட்டின் இரண்டு பக்கமும் கோலம் போட்ட மாதிரி பிளீச்சிங் பவுடர். "ஆள் இல்லம்மா" என்று அவளை இத்தனை நாள் அலையவிட்ட அதே அதிகாரி, குனிந்து மூடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எம்.எல்.ஏ. அழகுசுந்தரம் வந்தார். ரிப்பன் வெட்டினார். பெஞ்சில் உட்கார்ந்து போட்டோவுக்குச் சிரித்தார். பெஞ்சின் முதுகில் அவர் பெயர் பெரிதாக இருந்தது, எந்தத் தெரு என்பதுதான் இல்லை. ஒரு சிமெண்ட் பெஞ்சைப் பற்றி அரைமணி நேரம் பேச முடியும் என்பது அன்றைக்குத்தான் அந்தத் தெருவுக்குத் தெரிந்தது.

"வெக்கமில்லாத மனுசன்" என்றாள் சோலையம்மாள், கொஞ்சம் சத்தமாகவே.

கார் போனது. கூட்டம் கலைந்தது. உடனே ஒரு குட்டியானை வண்டி பின்பக்கமாக உள்ளே வந்தது. நாலு பேர் பெஞ்சைத் தூக்கி அதில் ஏற்றினார்கள்.

"ஏப்பா, எங்க பெஞ்சை எங்குட்டுத் தூக்கிட்டுப் போறீக?"

ரிஸ்வான் அவளைத் தனியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, உங்களுக்குப் பெஞ்சா வேணும்? மனுக் குடுத்தா ஆள் இல்லம்பாக. எம்.எல்.ஏ. வர்றாருன்னா கூப்பிடாமலே ஓடியாருவாக. நம்மகிட்ட இருக்கிறது இந்த ஒரு பெஞ்சுதான். அடுத்த தெருவுலயும் சாக்கடை ஓடுதுல்ல?"

சோலையம்மாள் காய்ந்து கிடந்த கடை வாசலைப் பார்த்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது.

"அடப்பாவி. அந்தாளுக்குத் தெரிஞ்சா உன்னய உண்டு இல்லைன்னு ஆக்கிருவாரே."

"அவருக்கு எங்கக்கா தெரியப்போகுது? ரிப்பன் இருந்தாப் போதும், வேற எதையும் பாக்க மாட்டாரு."

சொல்லி வாய் மூடவில்லை, போன கார் திரும்பி வந்தது. நேராகக் குட்டியானைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

ரிஸ்வானின் முகம் வெளுத்துவிட்டது. சோலையம்மாள் ஓடிப்போய் வண்டிக்கு முன்னால் நின்று, தன்னால் முடிந்த மட்டும் பெஞ்சை மறைத்தாள்.

கார்க் கண்ணாடி இறங்கியது.

"தம்பி ரிஸ்வான், போன தெருவுலயே சொல்லணும்னு நெனச்சு மறந்துட்டேன்" என்றார் எம்.எல்.ஏ. "பெஞ்சுக்கு இடது கால் ஆடுதுப்பா. அடுத்த திறப்பு விழாவுக்குள்ள கொஞ்சம் சிமெண்ட் பூசி வையி."