ஆறிலிருந்து ஏழு

“சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு வரைக்கும் காபி, தண்ணினு யாரும் கூப்பிடக் கூடாது. அது பாட்டு எழுதுற நேரம்,” என்றாள் ஆன்சி.

பெண் பார்க்க வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ‘இதை மட்டும் கேட்டுறாதடி, வந்த மனுசன் எந்திரிச்சுப் போயிருவாரு’ என்று அம்மா பாக்கியமேரி காலையிலிருந்தே கெஞ்சியிருந்தாள்.

“படிச்ச திமிரைப் பாரு,” என்றாள் மாப்பிள்ளையின் அக்கா. “பாட்டு எழுதி என்னத்தைக் கிழிக்கிறதாம்?”

“கிறிஸ்துமஸ் பூசையில கண்ணைத் துடைச்சுக்கிட்டே பாடினீங்கள்ல? அது இந்த வீட்ல எழுதின பாட்டுதான்.”

அக்கா காபி டம்ளரை எடுத்து வாயில் வைத்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை அருளப்பன் தொண்டையைச் செருமினார். “ஆபீஸ் விட்டு அஞ்சரைக்கு வந்துருவேன். காபி நானே போட்டுக்குவேன். உங்க அம்மாவுக்கும் ஒரு டம்ளர் வச்சுட்டு, ஏழு மணி வரைக்கும் வெளிய நடந்துட்டு வாரேன். போதுமாம்மா?”

“போதும்.”

அடுப்படி வாசலில் நின்ற நாற்பத்தெட்டு வயது மணப்பெண் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். “மானத்தை வாங்குறியேடி!”

“அப்பா போனதுலருந்து ஹாஸ்டல் சமையல் வேலையும் என் காலேஜுமா உன் நேரம் பூராம் போச்சும்மா. டவுன் பஸ்ல நின்னுக்கிட்டு டிக்கெட்டுக்குப் பின்னாடி பாட்டு எழுதினது போதும். இவரைப் பிடிக்கலைன்னா இப்பவே சொல்லிரு.”

பாக்கியமேரி துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தாள்.

ஆன்சி செருப்பை மாட்டினாள்.

“எங்கடி கிளம்பிட்ட?”

“சர்ச் ஃபாதர்கிட்ட. உன் கல்யாணத்தைப் பூசையில அறிவிச்சு இந்த ஞாயித்துக்கிழமையே முதல் ஓலை வாசிக்கணும்ல?”

இரண்டு பேர் பெயரையும் எழுதிய தாள் நேற்றிலிருந்தே அவள் பையில் இருந்தது.