பதினாலாம் நாள் பயிற்சி

"என்னைத் தெரியுதா இப்றாஹிம்? நான் பிரட்லி."

கதவைத் திறந்த மனிதர் மூக்குக் கண்ணாடியை உயர்த்திப் பார்த்தார். நரைத்த தாடி, வெள்ளைத் தொப்பி, கையில் பாதி வாசித்த பத்திரிகை.

"உள்ளுக்கு வாங்க சேர். வெயிலுக்க நிக்காதீங்க."

அந்த 'சேர்' பிரட்லிக்குச் சுருக்கென்று தைத்தது. இருபத்தைந்து வருடங்களுக்கு முன் ஒரே கந்தோரில், பக்கத்து மேசையிலிருந்து 'பிரட்லி' என்று வாய்நிறையக் கூப்பிட்ட மனிதர். கோபம் இன்னும் ஆறவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

கதிரையின் நுனியில் உட்கார்ந்தார். வலது முழங்கால் மடங்க மறுத்தது. இந்த முழங்காலும் மகன் அஷ்லியின் விசாவும்தான் அவரை ஏறாவூருக்குக் கொண்டுவந்திருந்தன. மூன்று வருடமாக வலி. மூன்று முறை ஆஸ்திரேலியா அஷ்லியை வேண்டாம் என்று சொல்லிவிட்டது. இரண்டுக்கும் காரணம் பழைய கர்மாதான் என்று, கல்லடியில் வகுப்பு நடத்தும் நிதுர்ஷன் கண்டுபிடித்துச் சொல்லியிருந்தான். நிதுர்ஷனுக்கு வயது இருபத்தாறு. 'இருபத்தொரு நாளில் கர்ம சுத்தி, ஆளுமை வளர்ச்சி, சான்றிதழ்' என்பது வகுப்பின் பெயர். பதினாலாம் நாள் பயிற்சி: உங்களால் கெட்டுப்போன ஒருவரை நேரில் கண்டு மன்னிப்புப் பெற்று, பகல் பன்னிரண்டு மணிக்குள் வாட்ஸ்அப் குழுவில் பதிவிடுக.

இதே பாவத்தைப் போன தவக்காலத்தில் பிரட்லி பாதரிடமும் சொல்லியிருந்தார். பாதர் மூன்று முறை 'அருள் நிறைந்த மரியே' சொல்லச் சொன்னார். பிரட்லியும் சொன்னார். முழங்கால் அசையவில்லை.

இப்போது மணி பதினொன்றரை.

"இப்றாஹிம், நான் சொல்லி முடியுமட்டும் நீங்க ஒண்டும் பேசாம கேக்கணும். அதுதான் முறையாம்."

"செல்லுங்க, கேக்கிறன்."

"பேர் போடாம உங்களுக்கு எதிரா பெட்டிசன் எழுதினது வேற ஆருமில்ல. நான்தான்."

அந்த மனிதர் பத்திரிகையை மடித்து மடியில் வைத்தார். "பெட்டிசனா? எந்தக் கந்தோருக்கு?"

பிரட்லிக்குக் கண் கலங்கிவிட்டது. எவ்வளவு பெரிய மனது. வந்தவன் கூச்சப்படக் கூடாதென்று, எல்லாம் மறந்துபோனதாகக் காட்டிக்கொள்கிறார்.

"கந்தோர் ஜீப்பில நீங்க வீட்டுக்கு விறகு ஏத்தினதா எழுதினன். ஏத்தினது நம்மட கந்தோர்ப் பெரியவர். அது எனக்கு நல்லாத் தெரியும். தலைமைக் கிளாக் வேலை உங்களுக்குத்தான் வர இருந்திச்சு. உங்கள தூரத்து மொனராகலைக்கு மாத்திப் போட்டாங்க. வேலை எனக்கு வந்திச்சு."

"மொனராகலைக்கு," என்று அவர் மெதுவாகச் சொன்னார். முகம் மாறியது. "வாப்பா மௌத்தானதும் அந்த நேரம்தானே. அங்கயிருந்து வந்து சேரக்குள்ள மையத்த அடக்கியும் முடிஞ்சு."

அந்தத் தகப்பனின் சாவு பிரட்லிக்குத் தெரியாத செய்தி. தலையைக் குனிந்துகொண்டார். கொஞ்ச நேரம் முழங்கால் வலியே மறந்துவிட்டது. பிறகு, "அதையும் சேத்து மன்னிச்சிருங்க," என்றார்.

அவர் எழுந்து ஜன்னல் வழியே தெருவைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"இவ்வளவு காலம் போய், இப்ப என்னத்துக்கு வந்து செல்றீங்க?"

பொய் சொன்னால் பயிற்சி செல்லாது என்று நிதுர்ஷன் எச்சரித்திருந்தான். பிரட்லி முழங்காலையும் விசாவையும் ஒளிக்காமல் சொன்னார்.

"கர்மா கிறுகிக் கிறுகி வந்து அடிக்குமாம். நீங்க மன்னிச்சாத்தான் நான் உள்ளுக்கு வளரலாமாம்."

"சேருக்கு எத்தின வயசு?"

"அறுபத்தெட்டு."

"வளரத்தான் வேணும்," என்றார் அவர். தாடியைத் தடவிக்கொண்டு சிறிது நேரம் யோசித்தார். "சரி. மன்னிச்சிட்டன். மறுகா அந்த முழங்கால நல்ல டொக்டர் ஒருவருக்கிட்டக் காட்டுங்க. இருங்க, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்."

பிரட்லி இரண்டு கைகளாலும் அவருடைய கையைப் பிடித்து அழுதார். தேநீர் வேண்டாம் என்றார். நேரம் போய்க்கொண்டிருந்தது.

"ஒரேயொரு போட்டோ எடுப்பமா?"

"படம் மட்டும் வேணாம் சேர்."

விளம்பரம் விரும்பாத மனிதர். பிரட்லிக்கு மதிப்பு இன்னும் கூடியது.

வெளியே வந்து மதில் நிழலில் நின்றார். முழங்கால் பாதி இளகிவிட்டதுபோல் இருந்தது. கைபேசியை எடுத்துத் தட்டினார்: 'பதினாலாம் நாள் பயிற்சி பூர்த்தி. இப்றாஹிம் என்னை மனதார மன்னித்துவிட்டார்.'

மதிலுக்கு உள்ளே அவருடைய மனைவி ஸாதியாவின் குரல் கேட்டது.

"ஆரு அந்த மனிசன்? அழுதிட்டுப் போறாரு."

"ஆரெண்டு எனக்குத் தெரியா புள்ள. முன்தெரு இப்றாஹிம் காக்காவத் தேடி வந்தவரு. எனக்கும் அவருக்கும் பேர் ஒண்டெண்டு ஓட்டோக்காரன் இஞ்ச கொண்டுவந்து விட்டிட்டான் போல."

"அப்ப அவர்ர வீட்டக் காட்டி உட்டிருக்கலாமே?"

"காக்கா அந்தப் பெட்டிசன்காரன இருபத்தஞ்சு வருசமாத் தேடிட்டு இரிக்காரு. மௌத்தாகுமட்டும் மன்னிக்க மாட்டாரு. இவரும் பாவம், நொண்டி நொண்டி வந்திருக்காரு. அதான் நானே மன்னிச்சி அனுப்பிட்டன்."

பிரட்லி முன்தெருப் பக்கம் ஒருமுறை பார்த்தார். எழுதியதை எழுத்தெழுத்தாக மறுபடியும் வாசித்தார். இப்றாஹிம் மன்னித்துவிட்டார் என்பதில் ஒரு பொய்யும் இல்லை. அனுப்பிவிட்டு, பின்தெருவால் பஸ்ஸுக்கு விறுவிறுவென்று நடந்தார்.