ஐம்பது பெண்களின் வேலை

"பருத்தியைக் கொண்டுவந்தனீங்களோ, அம்மா?"

"ஓம், பத்திரமா இருக்கு. நீ முதல்ல உன்ர சேர்ட்டை ஒழுங்காப் போடு."

பேர்லினிலிருந்து ரயிலேறி, மடியில் வைத்த பையை யாரிடமும் கொடுக்காமல், சாக்சனி மாநிலத்தின் அந்த நெசவு அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்திருந்தாள் மக்டலீன். இரண்டு விரல்களில் பிளாஸ்டர். என்னவென்று மகன் கேட்டதற்கு, வீட்டு வேலை என்றால் அப்படித்தான் என்று முடித்துவிட்டாள்.

எமிலுக்கு மேலே கேட்க நேரமில்லை. அவன் அங்கே தற்காலிக வழிகாட்டி. பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் பழைய இயந்திரம் ஒன்றை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் காப்புரிமை பெற்றதை, பாடுபட்டுப் பழுதுபார்த்திருந்தான். இன்று அது மக்கள் முன்னால் வேலை செய்தால் அவனுடைய வேலையும் நிரந்தரம். இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு வீடு. தலைவி அன்னா அதைச் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

இயந்திரம் தயார், ஆனால் செடியிலிருந்து பறித்தபடியே கொட்டையோடு இருக்கும் பருத்திக்கு ஜெர்மனியில் எங்கே போவது? ஊருக்கு, மன்னாருக்குப் போயிருந்த பேர்லின் டெல்சி அக்காவைப் பிடித்தான். அவள் கொண்டுவந்து மக்டலீனிடம் கொடுத்தாள். அருங்காட்சியகத்தில் காட்ட ஊர்ப் பருத்தி வேண்டும் என்று மட்டுமே அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தான். ஊராருக்கெல்லாம் மணிக்கணக்கில் விளக்குகிறவனுக்கு அம்மாவுக்கு விளக்கப் பொறுமையில்லை. எப்படியும் பொருள் பத்திரமாக இருக்கும். பக்கத்து வீட்டு ஜெர்மன்காரிக்கு மீன்குழம்பு கொடுத்தால்கூட, முள்ளை எடுத்துவிட்டுக் கொடுக்கிற கை அது.

மண்டபம் நிரம்பியது. எமில் ஜெர்மன் மொழியில் பிளந்து கட்டினான். ஐம்பது பெண்கள் குந்தியிருந்து, விரல் நோக நோகச் செய்த வேலையை இந்த ஒரே இயந்திரம் செய்துவிடும் என்றான்.

முன்வரிசையில் இருந்த மக்டலீன் ஏதோ சொல்ல எழுந்தாள். பெருமை தாங்காமல் பேச வருகிறாள் என்று நினைத்து, இருங்கோ என்று கையைக் காட்டினான். பாவம், உட்கார்ந்துவிட்டாள்.

அம்மா கொண்டுவந்த பையை அப்படியே இயந்திரத்தில் கவிழ்த்துக் கைப்பிடியைச் சுற்றினான். பற்கள் கடகடவென்று உருண்டன. மறுபக்கம் பஞ்சு வெள்ளை வெளேரென்று வந்து விழுந்தது. தேடினாலும் ஒரு கொட்டை இல்லை. மண்டபமே எழுந்து கைதட்டியது. எமிலுக்குக் கண் கலங்கியது.

அன்னா அவன் கையைப் பிடித்துக் குலுக்கி, வேலை உனக்குத்தான் என்று காதோரம் சொன்னாள். பிறகு, பிரிந்த கொட்டைகளையும் சனங்களுக்குக் காட்டுவோம் என்று அடித்தட்டை இழுத்தாள்.

தட்டு வெறுமையாக இருந்தது. அன்னா குனிந்து உள்ளே பார்த்தாள். எமிலும் குனிந்தான். கைதட்டல் மெல்ல அடங்கியது.

"அதுக்குள்ள இராது, மோனை. அதைத்தான் சொல்ல எழும்பினன், நீ இருத்திப்போட்டாய்" என்றபடி மக்டலீன் கைப்பையிலிருந்து ஐஸ்கிரீம் டப்பா ஒன்றை எடுத்துத் திறந்தாள். டப்பா நிறையப் பருத்திக்கொட்டை.

"நானும் டெல்சியும் ரெண்டு நாளாக் குந்தியிருந்து ஒவ்வொண்டா எடுத்தனாங்கள். நாலு சனம் பாக்கிற இடத்துக்குக் கொட்டையோட கொண்டுவர ஏலுமே?"