அனுஜா வளர்த்த பூ

கப்பலுக்குப் போன ஜெரால்டு வீட்டில் விட்டுப்போன கடல்நீர்த் தொட்டியில் ஏழு மாதத்தில் ஆறு மீனில் நான்கு செத்ததும், வெறுங்கல்லில் தானாகப் பூ மாதிரி ஒரு கடல் உயிர் முளைத்ததும் எங்கள் தெருவுக்கே தெரியும். அந்தப் பூவுக்கு அவன் பெண்டாட்டி அனுஜா தினமும் இறால் நறுக்கிப் போடுகிறாள். கட்டினவனுக்குக்கூட இத்தனை பொடிசாக நறுக்கியிருக்க மாட்டாள். இன்றைக்கு வீடியோ காலில் அதை அவனுக்குக் காட்டுகிறாள். நீல விளக்கில் பழுப்பு இதழ்கள் மெல்ல அசைகின்றன. மோட்டார் குமிழி விட்டுக்கொண்டே இருக்கிறது. "ஏளா, அது களை மாதிரில்லா இருக்கு. மிச்ச மீனையும் கொட்டிக் கொன்னுரும். குச்சியால தொடு. சட்டுனு கல்லுக்குள்ள ஒளிஞ்சா களைதான், அழிச்சிரணும்" என்கிறான் ஜெரால்டு. அவன் முதுகுக்குப் பின்னால் கப்பல் என்ஜின் உறுமுகிறது.

"இது ஒண்ணுதான் எங் கையால தழைச்சிருக்கு" என்று முனகிக்கொண்டே அனுஜா குச்சியை நீட்டுகிறாள்; அவள் கை கேமராவை மறைக்கிறது. நுனி பட்டதுதான் தாமதம், பூ இருந்த இடத்தில் வெறும் பொந்து. அவள் போனை வெடுக்கென்று தன் முகத்துக்குத் திருப்புகிறாள்.

"உள்ள போயிட்டா?"

"இல்லயே, அப்படியே விரிஞ்சுதான் நிக்கு."

"அப்ப நல்ல இனந்தான். கெட்டிக்காரிதாம்ளா நீ!"

ஏழு மாதமாகக் கேட்காத அந்த வார்த்தைக்கு அவள் முகமெல்லாம் பல்லாகிறது. தொட்டியில், கல்லின் பின்பக்கம், நகத்தளவில் நான்கு குட்டிப் பூக்கள் இறாலுக்கு விரிந்து காத்திருக்கின்றன.