ஆந்த்ரேயின் கடைசி எழுத்து

கணவனை இழந்த வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு அனுதாப மின்னஞ்சலை அனுப்பிய பிறகுதான் பூங்கோதை அதைக் கவனித்தாள். இறந்தவர் பெயர் ஆந்த்ரே. அந்தப் பெயரின் கடைசி எழுத்து மட்டும் பெரிதாக, சிவப்பாக நின்றது. தலையில் சாய்ந்த கோடு வைத்த அந்த ‘é’ அலுவலக விசைப்பலகையில் கிடையாது. பழைய மின்னஞ்சல் எதிலிருந்தாவது நகலெடுத்து ஒட்டுவதுதான் அங்கே எல்லோருக்கும் வழக்கம். அவள் எடுத்தது ஒரு தள்ளுபடி விளம்பரத்திலிருந்து.

“அந்தம்மா அனுப்புன மெயில்லயே அவர் பேரு இருந்துச்சேடி. அதை விட்டுட்டு விளம்பரத்துலயா போய் எடுப்ப?” என்றாள் பக்கத்து இருக்கை ஸ்டெல்லா.

“அது சாவுச் சேதி, அக்கா. எழவு வீட்டுலேர்ந்து யாராச்சும் எதையாச்சும் எடுத்துட்டு வருவாங்களா?”

“நல்லா வருவ போ. மேனேஜர் கண்ணுல படறதுக்குள்ள மன்னிப்புக் கேட்டு இன்னொண்ணு அனுப்பு.”

மன்னிப்பிலும் அவர் பெயரை எழுதித்தான் ஆக வேண்டும். பூங்கோதைக்குக் கண் எரிந்தது. வேறு மின்னஞ்சல் தேடத் தெம்பில்லை. அந்த அம்மாளுடையதையே திறந்தாள். ‘என் ஆந்த்ரே இன்று காலை போய்விட்டார்’ என்று ஒரே ஒரு வரி இருந்தது. கடைசி எழுத்தருகே சுட்டியைக் கொண்டுபோனவள் சட்டென்று நிறுத்தி, குனிந்து, கால் செருப்பைக் கழற்றி வைத்தாள்.