புகைபோக்கி மாட்ட வந்தவர்

தகரக் குழாய்களைப் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு வந்த டி.வி.எஸ். வண்டி, தேவயானி வீட்டு வேலியோரம் நின்றது.

“அடுப்புக்குப் பைப்பு மாட்டணும்னாங்க. இந்த வூடுதானே?” என்றார் வந்தவர். அறுபதுக்குக் கிட்டத்தில் இருக்கும். வெள்ளைச் சட்டையின் கையை முழங்கை வரை மடித்துவிட்டிருந்தார்.

ஆள் அனுப்புகிறேன், ஆள் அனுப்புகிறேன் என்று மகன் வசந்த்குமார் சொல்லத் தொடங்கி ஒரு மாதமாகிறது. ஒருவழியாக அனுப்பிவிட்டான் என்று நினைத்துக்கொண்டாள் தேவயானி.

சமையற்கட்டைக் காட்டினாள். வாசற்படியில் அவர் சற்றுத் தயங்கினார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே போனார்.

விடியுமுன் இட்லி அவித்து உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புகிற வீடு அது. விறகடுப்புதான் கட்டுப்படியாகும். போன வருஷம் ஒரு கொத்தனாரை வைத்துக் குழாய் போட்டிருந்தாள். புகையில் பாதி குழாயில் போனது, மீதி கண்ணில் போனது.

“அடுப்புக்கிட்ட உக்கார்றது யாரு?”

“மருமவதாங்ணா. நான் பாத்துக்கறேன்னா கேக்க மாட்டா. மாசமா வேற கீது. ரா முச்சூடும் இருமிக்கினே கெடக்குது.”

அவர் குனிந்து அடுப்பைப் பார்த்தார். பழைய குழாயைப் பிடித்து ஆட்டினார். கையோடு வந்துவிட்டது.

கூரைக்கு வெளியே அது ஒரு சாண்கூட எழும்பியிருக்கவில்லை. இணைப்புகளில் கரித்தண்ணீர் வழிந்து காய்ந்திருந்தது. குழாய் உரசிக்கொண்டிருந்த இடத்தில் ஓலை கறுத்துப் பொரிந்திருந்தது. அதை விரலால் தேய்த்தார். உதிர்ந்தது. விரலில் ஒட்டிய கரியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எப்ப வேணாலும் தீ புடிச்சிருக்கும்மா,” என்றார்.

ஏணி கேட்டார். மேலே ஏறி, குழாய் போகிற இடத்தில் ஓலையை அகலமாக அறுத்தெடுத்தார். ஓலைக்கும் குழாய்க்கும் நடுவே நன்றாக இடைவெளி விட்டு, சுற்றிலும் தகரம் அடித்தார். மேல் குழாய் கீழ்க் குழாய்க்குள் இறங்கி உட்காரும்படி பொருத்தி, திருகாணி முடுக்கி, களிமண் பூசினார். கூரை முகட்டையும் தாண்டி உயர்த்தி, மழை இறங்காமல் உச்சியில் ஒரு தொப்பி மாட்டிக் கம்பியால் இழுத்துக் கட்டினார். ஆட்டிப் பார்த்தார். மனசுக்கு ஒப்பவில்லை போல, கட்டியதை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

கூலிக்கு வந்த ஆள் இவ்வளவு மெனக்கெட்டுத் தேவயானி பார்த்ததில்லை.

கீழே நின்று சாமான் எடுத்துக் கொடுத்தபடியே பேச்சுக் கொடுத்தாள். “விரும்பிக் கட்டிக்கினு வந்த பொண்ணுங்ணா. சாதி வேற. அப்பங்காரரு ராஜகுளத்துல வெல்லம் காய்ச்சறவரு. பெத்தவங்க கல்யாணத்துக்கும் வரல, வளகாப்புக்கும் வரல. அம்மாக்காரி மட்டும் ஊட்டுக்காரருக்குத் தெரியாம போன்ல பேசும்.”

“அந்தக் கம்பியக் குடும்மா,” என்று கையை நீட்டினார் அவர்.

இறங்கி வந்ததும், பூனை நுழைகிறதென்று அவள் சாக்குத் திணித்திருந்த ஜன்னலைக் கண்டார். சாக்கைப் பிடுங்கி வெளியே எறிந்தார்.

“புகை வெளிய போவணும்னா காத்து உள்ள வரணும். இத அடைக்கவே கூடாது.”

இரண்டு சவுக்குக் கட்டையை வைத்து அடுப்பைப் பற்றவைத்தார். ஊதுவத்தி ஒன்றைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு இணைப்புக்கும் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். ஓரிடத்தில் வத்திப் புகை குழாய்ப் பக்கம் வளைந்து உள்ளே இழுபட்டது. அங்கே இன்னும் கொஞ்சம் மண்ணை அப்பினார். மறுபடி பிடித்தபோது புகை நேராக எழும்பியது.

“நீ வெளிய நில்லும்மா,” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மருமகள் உட்காருகிற மணையை அடுப்பருகே இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

தேவயானி அண்ணாந்து பார்த்தாள். புகை தொப்பியடியிலிருந்து பிரிந்து, புளியமரத்துக்கு மேலே ஏரிப் பக்கமாகப் போய்க்கொண்டிருந்தது.

வெகுநேரமாகியும் அவர் வரவில்லை. அவளுக்குப் பயமாகிவிட்டது. கதவைத் தட்டினாள்.

திறந்தார். உள்ளே துளிப் புகை இல்லை. அவர் கண் மட்டும் சிவந்திருந்தது.

“மாசத்துக்கு ஒரு தபா தொப்பியக் கயட்டிக் கரியத் தட்டணும். நீங்க யாரும் ஏற வேணாம். சொல்லியனுப்புங்க, நான் வரேன்.”

“இருங்ணா, செக்கப்புக்குப் போன புள்ளயும் மருமவளும் வர்ற நேரந்தான். அதுங்ககிட்டயும் ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க.”

அதைக் கேட்டதும் அவர் சாமான்களை அவசரமாக அள்ளிப் பைக்குள் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

“நம்பராச்சும் குடுத்துட்டுப் போங்க. எங்கன்னு சொல்லியனுப்பறது?”

அவர் திரும்பாமலே சொன்னார். “ஜெயாகிட்ட கீதும்மா. அழிக்காம வெச்சிருந்தா.”

மருமகளின் பெயரை அவள் ஒரு தரம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

ராஜகுளத்தில் கரும்பு வைத்து வெல்லம் காய்ச்சுகிற அந்த மனுஷனைத் தேவயானி போட்டோவில்கூடப் பார்த்ததில்லை.

வண்டி நகரப் பார்த்தது. அவள் குறுக்கே வந்து நின்று, சாவியைத் திருகி எடுத்துக்கொண்டாள். இன்ஜின் அடங்கியது.

“காபி போடறேன் சம்மந்தி. குடிச்சிட்டுப் போலாம்.”

தெருமுனையில் வசந்த்குமாரின் பைக் சத்தம் கேட்டது.

அவர் சாவியைக் கேட்கவில்லை.